செப்டம்பர் 30-க்குள் இன்னும் 3,850 பவுண்டு

அன்புடையீர்,

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், மேற்குக் கரையிலுள்ள எங்கள் ஊரில் கேலிக் என்ற பழைய ஸ்காட்லாந்து மொழியில் வழங்கும் இடப்பெயர்களைப் பொருளோடு வரைபடத்தில் ஏற்றும் வேலை பாதியில் நிற்கிறது. மொத்தச் செலவு 18,000 பவுண்டு. பாதியை மானியமாகத் தருகிறார்கள். ஆனால் நம் பங்கு 9,000-ஐ செப்டம்பர் 30-க்குள் காட்டியாக வேண்டும். கையில் 5,150தான் இருக்கிறது. மீதி வராவிட்டால் மானியமும் கைநழுவும்.

தீவைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறோம். எங்கள் இடப்பெயர்களில் வரும் 'ஆரி' என்றால் கோடையில் மாடுகளை மேயவிட்டுத் தங்கும் குடில். பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுப்பார்கள். மாடு எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்ல ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் பெயர் வேண்டுமே! பழங்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் பெயர்களைக்கூடக் கேலிக் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஷியாபோஸ்ட் என்ற ஊர்ப் பெயரின் கடைசியில் ஒட்டியிருப்பது பண்ணையைக் குறிக்கும் அவர்களுடைய சொல். ஆயிரம் வருடப் பேச்சு இந்தச் சதுப்பு நிலத்தில் கிடக்கிறது என்று பெரியவர்கள் பெருமைப்படுவதில் தப்பில்லை.

1848 முதல் 1852 வரை அரசின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆட்கள் தீவை அளந்தார்கள். எந்தப் பெயரை எப்படி எழுதுவது, அதற்கு யார் சாட்சி என்று புத்தகமே போட்டார்கள். அதற்கு நன்றி. ஆனாலும் பல பெயர்களை ஆங்கில ஒலிக்கு வளைத்துவிட்டார்கள், பலவற்றைக் கேட்கவே இல்லை.

சென்ற மார்ச்சில் 88 வயதுப் பாட்டி ஒருவர் தன் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, ஒன்றும் எழுதாத இடத்தில் விரலை வைத்தார். "கிரெக் அன் ஈயிக்" என்றார். அண்டங்காக்கைப் பாறை. எழுதும்போது 'ஈயிக்' முன்னால் 'எஃப்', 'எச்' என்று இரண்டு எழுத்து வரும், இரண்டும் ஒலிக்காது. காதில் விழுந்தபடி எழுதினால் காக்கை பறந்துவிடும். அன்று 31 பெயர்கள் சொன்னார். மீதியை ஆடுகள் குட்டி போட்டு முடிந்ததும் சொல்வதாகச் சொன்னார். மே மாதம் அவருடைய அடக்கத்துக்குத்தான் போனோம்.

செலவு இதுதான்: ஒலிப்பதிவை எழுத்தாக்க 7,400, அறிஞர்களிடம் பொருளைச் சரிபார்க்க 3,600, வரைபடம் வரைந்து அச்சிட 5,800, கருவிக்கும் பயணத்துக்கும் 1,200. குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது, தேநீர்கூடச் சொந்தக் காசில்தான்.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். கம்பளிக் காலுறை பின்னி விற்றுப் பணம் தந்த பெண்கள், ஒரு நாள் நண்டுப் பிடியை அப்படியே கொடுத்த படகுக்காரர்கள், தாத்தாவின் குடில் எங்கே இருந்தது என்று கேட்டுக் கடிதத்தோடு பணம் அனுப்பிய கனடா உறவினர்கள், உண்டியலை உடைத்த பள்ளிப் பிள்ளைகள், பெயர் போடாதீர்கள் என்று 500 பவுண்டு வைத்துவிட்டுப் போனவர், எல்லோரையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறோம். ஊரில் 46 வீடுகள். 19 வீடுகளிலிருந்து இன்னும் ஒரு பென்னி வரவில்லை. யார் என்று எழுத மாட்டோம். கொடுத்தவர் பட்டியல் மட்டும் ஊர் மன்றத்தில் தொங்கும். விலங்குகளுக்குப் பெயரிட்ட ஆதாமின் பிள்ளைகள் பாட்டி வைத்த பெயரைத் தொலைக்கலாமா என்று சபை மூப்பர் கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை.

பொருளாளர் தினமும் மாலை 6 முதல் 8 வரை மன்றத்தில் இருப்பார். ஓய்வுநாளான ஞாயிறு மட்டும் பணம் வாங்குவதில்லை. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், ஒலிப்பதிவுக் கருவி தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
இடப்பெயர்க் குழுவினர்