சிங்கப்பூர் பாசிர் ரிஸ் முகாம்: கரி மூட்டத் தீமூட்டிக் கட்டிகளை வீட்டிலேயே செய்யலாம்

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். கடைத் தீமூட்டிக் கட்டிகளுக்கு இந்த முறை காசு செலவழிக்க வேண்டாம். காகித முட்டைத் தட்டைக் கழுவாமல் அப்படியே எடுத்து வையுங்கள் (பிளாஸ்டிக், நுரைத் தட்டு கூடவே கூடாது, புகை நஞ்சு). தேங்காய் நாரை நன்றாக உதிர்த்து, வெயிலில் காயவைத்து, குழிகளில் தளர்வாக நிரப்புங்கள். இறுக்கி அடைத்தால் காற்று போகாது.

மிச்ச மெழுகுவர்த்திகளைப் பழைய டின்னில் போட்டு, அந்த டின்னை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். மெழுகு 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும், நேரடி நெருப்பு வேண்டாம். தப்பித் தவறி மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். இந்த வேலையில் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

உருகியதை நார்மேல் ஊற்றி, ஆறியதும் ஒவ்வொரு குழியாக வெட்டி, ஜிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கரி மூட்டும் ஒரு பார்பிகியூ குழிக்கு இரண்டு துண்டு போதும். கற்பூரம் வேண்டாம், சாப்பாட்டில் வாடை ஏறும்.

நெருப்பு, பதிவு செய்த பார்பிகியூ குழியில் மட்டும். மணலிலோ புல்லிலோ மூட்ட அனுமதியில்லை.

முட்டைத் தட்டு மிச்சம் உள்ளவர்கள் இங்கே சொல்லுங்கள்.