லயத்து வீடும் பட்டயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள நிலச் சீர்திருத்தம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்ததும், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்குக் கிராமங்களில் 10 சென்ட் வரை கிடைத்ததும் பெரிய விஷயம்தான். ஆனால் அதே சட்டம் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு கொடுத்ததைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளும் தமிழ்க் குடும்பங்கள் நிலமில்லாமல் நின்றது அந்த விலக்கால்தான்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடுகளில், நடப்பதைச் சொல்கிறேன். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாவியை ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும். சொந்த ஊர் என்று தேனிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ ஒரு பெயர் இருக்கும்; அங்கே காலடி மண்கூடக் கிடையாது. அதனால் பிளஸ் டூ முடித்த மகளோ, வீட்டுக்கு வந்த மருமகளோ கூடையை எடுக்கிறாள். அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் கைவிட்டுப் போகக் கூடாதே என்றுதான். என் அக்காவும் அப்படித்தான் போனாள்.

எங்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆவணம் கொண்டு வா என்கிறார்கள். நிலமே இல்லாதவர்களிடம் என்ன பழைய ஆவணம் இருக்கும்? சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் போச்சு, இடஒதுக்கீடும் போச்சு.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள். அந்த இடத்தில் குடியிருக்க அவர்கள் யாரும் ஆசைப்படவில்லை. லயம் எங்கே கட்டியிருந்ததோ அங்கே இருந்தார்கள்.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு 'பொம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வந்தது; 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. தங்களுக்காகத் தாங்களே பேசியதால்தான் அது நடந்தது என்பது என் உறுதியான எண்ணம். நிலம் பற்றிய பேச்சிலும் அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும்.

1971-ல் மூணாற்றைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலை நிலங்களைத் தனிச் சட்டம் போட்டு மீட்ட அரசு இது. மனம் வைத்தால், சரிவில்லாத இடத்தில், வேலையோடு முடிச்சுப் போடாமல், பெண்களின் பெயரில் பட்டயம், அதாவது நில உரிமைப் பத்திரம், கொடுக்க முடியும். அடுத்த கட்டுரையை லயங்களுக்கு வந்து, இந்தப் பெண்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மூணாறு