கஞ்சன்ஜங்கா போறோம்னு போஸ்டர் போட்ட நம்ம பாண்டி-கடலூர் ட்ரெக்கிங் குரூப்புக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளா, தங்கச்சிகளா, வணக்கம்.

உங்க போஸ்டர் பாத்தேன். அக்டோபர் கடைசில சிக்கிம்ல கோச்சா லாங்கிற மலைக்கணவாய்க்கு ட்ரெக், அடுத்த வருஷம் நேரா கஞ்சன்ஜங்கா உச்சி, கீழ "பீச் ரோட்ல பத்து கிலோமீட்டர் ஓட முடிஞ்சா போதும்"னு ஒரு வரி வேற. ஆசைப்பட்டத குத்தம் சொல்ல வரல, அந்த கடைசி வரிய மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

நாம இருக்குறது கடல் மட்டம். பிராக்டிஸ்னு நீங்க ஏறுற செஞ்சி ராஜகிரியே சுமார் 800 அடி தான். கஞ்சன்ஜங்கா 8586 மீட்டர், உலகத்துல மூணாவது. 5500 மீட்டர்லயே காத்தழுத்தம் இங்க இருக்குறதுல பாதி, உச்சில மூணுல ஒரு பங்கு, மூச்சுக்கு கெடைக்கிற ஆக்சிஜனும் அதே கணக்குல கொறையும், இதுக்கு ஒடம்பு பழகணும்னா நாள் தான் வேணும், தொடை பலம் உதவாது. 3000 மீட்டர தாண்டிட்டா தூங்குற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஓய்வு எடுங்கன்னு தான் டாக்டருங்க சொல்றாங்க. உங்க பிளான்ல ட்ரெக் ஆரம்பிக்கிற ஊரு யுக்சம் 1780 மீட்டர், மறுநாள் சோக்கா, அதுக்கு மறுநாளே ஜோங்ரி, அதாவது 4000 மீட்டர்! ஓய்வு நாளையே காணோம்.

ஜோங்ரில நான் பாத்தத சொல்றேன். பக்கத்து டென்ட் பையன், நல்ல ஜிம் பாடி, எல்லாருக்கும் முன்னாடி ஏறி வந்தவன். காலைல பூட் லேஸ் கட்ட உக்காந்தான், ரெண்டு நுனியையும் கைல புடிச்சு பாத்துக்கிட்டே இருக்கான், அடுத்து என்ன பண்ணணும்னு தெரியல. எழுந்து நடந்தா தள்ளாட்டம். கைடு ஒரு கேள்வி கேக்கல, கைத்தாங்கலா கீழ கூட்டிட்டு போயிட்டாரு. உயரத்துக்கு ஒடம்பு பழகாம மூளை வீங்குறதோட அறிகுறி அது. நுரையீரல்ல நீர் கோத்தா சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல்ல நுரை வரும். ரெண்டுக்குமே மொத வைத்தியம் எறங்குறது தான், டயமாக்ஸ்னு உயர நோய்க்கான மாத்திரைய போட்டுக்கிட்டு மேல போயிரலாம்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க.

உச்சி கதை வேற. சிக்கிம் பக்கமா ஏற அனுமதியே கெடையாது, அங்க அது சாமி மலை. 1955 மே 25ல ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் நேபாளம் பக்கமா மொத தடவ ஏறுனப்பவே, சிக்கிம் ராஜாவுக்கு குடுத்த வாக்குக்காக உச்சிக்கு சில அடி கீழயே நின்னுட்டாங்க, உங்க போஸ்டர்ல என்னடான்னா உச்சி மேல குரூப் கொடி பறக்குது. நேபாளம் வழின்னா யாலுங்ங்கிற பனியாறு வழியா ஏறணும். கடைசி கேம்ப்ல இருந்து உச்சி ரொம்ப தூரம், மணிக்கணக்கா 8000 மீட்டருக்கு மேலயே கெடக்கணும், முடிவுல பாறை ஏத்தம். 2019 மே மாசம் மேற்கு வங்கத்துல இருந்து போன ரெண்டு பேர், மலை ஏறி பழகுனவங்க, அந்த கடைசி கேம்ப்புக்கு மேல தான் செத்துப்போனாங்க.

அப்புறம் அந்த அக்டோபர் தேதி. 8000 மீட்டர் தாண்டுன 14 மலைல கிழக்கு கோடில இருக்குறது இதுதான், வங்காள விரிகுடா ஈரம் சீக்கிரமா வந்து சேரும். 2014 அக்டோபர் 12ல விசாகப்பட்டினத்துல கரை கடந்த ஹுட்ஹுட் புயல், ரெண்டே நாள்ல நேபாளத்துல அன்னபூர்ணா பக்கம் பனியா கொட்டுச்சு, 40 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல நெறைய பேரு உங்கள மாதிரி ட்ரெக்கிங் வந்தவங்க. கடலூர் ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துனா போட்டுக்காரங்க கடலுக்கு போறாங்களா? நீங்களும் தேதிய தள்ளி வைக்க தயாரா இருங்க.

சோக்கால ஒரு நாள், ஜோங்ரில ஒரு நாள் சேருங்க, காசு கொஞ்சம் கூடும், கூடட்டும். எவனுக்காச்சும் முடியலன்னா அவன்கூட யாரு எறங்குறதுன்னு இங்கயே பேர் எழுதிடுங்க, அங்க போயி ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்க வேணாம். உச்சி பிளான கேன்சல் பண்ணுங்க.

ஞாயித்துக்கிழமை காந்தி சிலைகிட்ட உங்க மீட்டிங்குக்கு வரேன். கொரோனா டைம்ல வாங்குன பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் வேலை செய்யுது, கொண்டாரேன், ட்ரெக்குக்கு எடுத்துட்டு போங்க.