எங்கள் பாட்டு வட்டத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டறிக்கை நீண்டுவிட்டது என்று பலர் முகத்துக்கு நேரேயும் சிலர் எனக்குப் பின்னாலும் சொன்னார்கள். ஆகவே வழக்கமான விடயங்களை முதலில் விரைவாக முடித்துவிடுகிறேன். ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை விழுங்கிய வாக்கெடுப்பு விவகாரத்தை மட்டும் என்னால் சுருக்க முடியவில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் 29 பேராக இருந்தோம். இருவர் வீடு மாறி வடக்கே போய்விட்டார்கள். நால்வர் புதிதாகச் சேர்ந்ததால் இப்போது 31 பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை கூடும் வழக்கம் ஆகஸ்டில் மட்டும் தவறியது; பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். தேநீருக்குப் பற்றிஸா வடையா என்ற பழைய பிணக்கு இவ்வாண்டும் தீரவில்லை. அதைப் புதிய செயற்குழுவிடம் ஒப்படைக்கிறேன்.

ஆண்டுக்கு ஓர் ஆங்கில இசைக்குழுவை எடுத்து, அதன் இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டு, முடிவில் பத்துப் பாடல்களைத் தெரிவுசெய்வது நமது வழக்கம். 2025க்குக் குயீன் குழுவை எடுத்ததற்கு இரண்டு காரணங்கள். அவர்களுடைய 'பொகீமியன் ராப்சடி' 1975 அக்டோபர் 31இல் வெளிவந்தது. இவ்வாண்டு அதற்கு 50 வயது. இரண்டாவது காரணம், அவர்கள் நமது பக்கத்துக்காரர்கள். மேற்கு லண்டனில் இருபது, முப்பது வருடமாக இருந்துகொண்டு இதை அறியாதவர்கள் நம்மில் பாதிப் பேர் என்பது மே மாதம் பெல்தமுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் குடும்பம், கிழக்காபிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் வாழ்ந்த பார்சிக் குடும்பம். பையனை இந்தியாவில் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. அவ்வாண்டே குடும்பம் இங்கே வந்து, பெல்தமில் கிளாட்ஸ்டன் அவெனியூவில் குடியேறியது. 2016இல் அந்த வீட்டின் முகப்பில், புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த இடத்தைக் குறிக்கும் நீலப் பலகை பதித்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றே பார்த்தோம். விமானம் ஒன்று தலைக்கு மேலே இறங்கிப்போனது. ஹீத்ரோ உணவுக்கூடத்தில் வேலை செய்யும் நமது அக்கா ஒருவர், பலகையில் மெர்க்குரி என்ற பெயரோடு புல்சாரா என்ற அவருடைய குடும்பப் பெயரும் இருப்பதைக் கண்டு, "என் பெயரையும் வேலைத்தளத்தில் மூன்றெழுத்தாக வெட்டிவிட்டார்கள். ஆனால் எனக்குப் பலகை வராது" என்றார். அதே ஹீத்ரோவில் ஃபிரெடியும் பயணப் பொதிகளை ஏற்றி இறக்கியிருக்கிறார் என்று நான் சொன்னதும், அதுவரை குழுவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாதவர், அன்று மாலையே மூன்று இசைத்தட்டுகளை இரவல் வாங்கிப்போனார். (அவை இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் அறிக்கையில் பதிவு செய்கிறேன்.)

கித்தார்க்காரர் பிரையன் மே வளர்ந்ததும் பெல்தமில்தான். இரு வீடுகளுக்கும் இடையே நடக்கிற தூரம். அந்த நாட்களில் ஒருவரையொருவர் தெரியாது. 1963இல் கடைக் கித்தார் வாங்க வசதியில்லாமல் தந்தையும் மகனும் வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துப் பகுதி, நூறாண்டு பழைய கணப்படுப்பு மாடப் பலகையிலிருந்து இழைத்தது. அதிர்வுப் பிடிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்கள். கழுத்தில் விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெண்புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துப் பொத்தான்கள். இன்றுவரை அவர் வாசிப்பது அதே கித்தார்தான். அதையும் ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறார். நமது பொருளாளருக்கு இந்தக் குழுவில் வேறு எதைப் பிடித்ததோ தெரியாது, இந்தச் சிக்கனம் பிடித்துவிட்டது.

இனி வாக்கெடுப்பு.

செப்டம்பரில் சீட்டுகள் கொடுத்தோம். ஒருவர் பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலாவதற்குப் பத்துப் புள்ளி, பத்தாவதற்கு ஒன்று. 27 சீட்டுகள் திரும்பின. ஒரு சீட்டில் பத்து இடத்திலும் 'பொகீமியன் ராப்சடி' என்றே எழுதியிருந்தது. அதை ஒரு முறைதான் எண்ணினோம்; மற்ற ஒன்பது இடங்களும் வெறுமை என்று தீர்மானித்தோம். எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முடிவு வந்தபோது முதலிடம் 'சம்படி டு லவ்' பாடலுக்கு, 151 புள்ளி. 'பொகீமியன் ராப்சடி' 134 புள்ளியோடு இரண்டாவது. ஐம்பதாண்டு கொண்டாடக் கூடிய நவம்பர் 9ஆம் தேதிக் கூட்டத்தில் இதை வாசித்ததும் மண்டபத்தில் எழுந்த சத்தத்தை அறிக்கைக்குரிய மொழியில் எழுதுவது கடினம். மூத்த உறுப்பினர் ஒருவர், "தம்பி, மூலவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தேர்ச்சில்லுக்கு மாலை போடுகிறீர்கள்" என்று நாற்காலியைப் பின்னே தள்ளிக்கொண்டு எழுந்தார். நான் கள்ள எண்ணிக்கை செய்தேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சீட்டுக் கட்டை இரண்டு பேர் கேட்டு வாங்கி எண்ணினார்கள்.

எண்ணிக்கை சரிதான். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான நமது உறுப்பினர் வெண்பலகையில் எழுதிக் காட்டினார். 'பொகீமியன் ராப்சடி'யை முதலாவதாக எழுதியவர்கள் 11 பேர். அதிலேயே 110 புள்ளி வந்துவிட்டது. நால்வர் நடுவில் எங்கோ வைத்தார்கள். மீதிப் பன்னிரண்டு பேர் எழுதவே இல்லை. 'எப்படியும் அதுதானே வரும், என் வாக்கு எதற்கு' என்று சிலர். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சிலர். 'சம்படி டு லவ்'வை முதலாவதாக எழுதியவர்கள் மூன்றே பேர், ஆனால் 25 சீட்டுகளில் அது இருந்தது. "உயிரைக் கொடுக்கப் பதினொரு பேர் உள்ள பாட்டு ஒன்று. யாருக்கும் வெறுப்பில்லாத பாட்டு மற்றது. எது உங்களுக்குப் பிடித்த பாட்டு என்பதைக் கணிதம் சொல்லாது" என்றார் ஆசிரியர். இதைச் செப்டம்பரில் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

வாதம் பாட்டுக்குத் திரும்பியபோதுதான் கூட்டம் சுவைத்தது. மூலவர் கட்சி தன் சாமான்களையெல்லாம் இறக்கியது. ஐந்து நிமிடம் 55 விநாடி நீளம், பல்லவி என்று எதுவும் திரும்பி வராத பாட்டு, வானொலியில் எடுபடாது என்று சொல்லப்பட்டும் பிரித்தானியப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம். நடுவில் வரும் ஒபரா பகுதிக்காக மூன்று பேர் தங்கள் குரலையே மேலும் மேலும் பதிந்து அடுக்கியதில் ஒலிநாடா தேய்ந்து ஒளி ஊடுருவத் தொடங்கியதாம். எதிர்க்கட்சி ஒரே கேள்வி கேட்டது: அந்த ஒபரா பகுதியை அவர்கள் மேடையில் எப்போது பாடினார்கள்? பாடவில்லை. நால்வரும் உள்ளே போய்விடுவார்கள், நாடா பாடும். 'சம்படி டு லவ்' அப்படியல்ல. 1976இல் அமெரிக்கப் பாடகி அரீதா பிராங்க்ளினின் தேவாலயப் பாணியில் மயங்கி ஃபிரெடி எழுதியது; ஒலிப்பதிவில் ஃபிரெடி, மே, டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லர் மூவரின் குரல்களே அடுக்கடுக்காகச் சேர்ந்து பெருங்கூட்டம் பாடுவதுபோல் ஒலிக்கும், ஆனால் மேடையில் முழுதாகப் பாடினார்கள். உழைத்துக் களைத்தவன் கடவுளிடம் கணக்குக் கேட்கிற பாட்டு. இரவு வேலை முடித்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று பார்த்தால், 25 சீட்டுகளில் அது வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இந்த வாதத்தின் நடுவே பாட்டைப் போட்டே தீர்மானிப்போம் என்று தலைவர் பணித்தார். அன்றைக்கென்று வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிகளில் ஒரு பக்கம் சரியாக ஒபரா பகுதி வரும்போது ஊமையாகிவிட்டது. அந்தப் பகுதியில் குரல்கள் ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் பதில் சொல்லும்படி பிரித்து வைக்கப்பட்டவை. எங்களுக்குக் கேள்வி வந்தது, பதில் வரவில்லை. இரண்டு கணம் வெறுமை. பிறகு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த அதே மூத்தவர், நின்ற நிலையிலேயே, விடுபட்ட பக்கத்தைத் தன் குரலில் பாடத் தொடங்கினார். உச்சக் குரல் உட்பட. அவருக்கு 71 வயது. பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். பாட்டு முடியும்வரை யாரும் வடையைத் தொடவில்லை. ஒலிபெருக்கி கொடுத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவது 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்'. பிள்ளைகளின் வாக்கு ஒட்டுமொத்தமாக அதற்கே விழுந்தது. நான்காவது, டேவிட் போவியோடு சேர்ந்து செய்த 'அண்டர் பிரஷர்'. ஐந்தாவது, குழுவின் பேஸ் கித்தார்க்காரர் ஜான் டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. மருத்துவமனைத் தாதியான உறுப்பினர் ஒருவர், நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தவேண்டிய வேகம் அந்தப் பாட்டின் தாளத்தோடு பொருந்தும் என்றார். நோயாளியின் காதில் விழாமல் மனத்துக்குள் பாடிக்கொள்ள வேண்டுமாம். பிறகு 'லவ் ஆஃப் மை லைஃப்', 'வீ வில் ராக் யூ', 'கில்லர் குயீன்', 'த ஷோ மஸ்ட் கோ ஆன்'. பத்தாவதாக 'ரேடியோ கா கா' வந்ததே தலைவருடைய பத்துப் புள்ளியால்தான். 1985 ஜூலை 13இல் வெம்பிளியில் லைவ் எய்ட் என்ற நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சி நடந்தபோது அவர் இந்த நாட்டுக்கு வந்து சில மாதம்தான். ஆறு பேர் தங்கிய அறையில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில், அந்தப் பாட்டுக்கு எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கித் தட்டியதைப் பார்த்தாராம். "எங்களுக்கு அப்போது ஆங்கிலம் வராது. தட்டத் தெரியும்" என்றார்.

செயலாளரின் வாக்கு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் முதலாவதாக எழுதியது பிரையன் மேயின் '39 என்ற பாட்டு. வந்த இடம் பதினேழு. அந்தப் பாட்டில், விண்வெளிக்கு ஓராண்டு போய்வந்தவன் திரும்பும்போது பூமியில் நூறாண்டு கழிந்திருக்கிறது. அவன் விட்டுப்போனவர்கள் இல்லை, அவர்களுடைய கண்கள் மட்டும் வேறு முகத்தில் இருக்கின்றன. எழுதியவர் விண்ணியற்பியல் மாணவர். பாட்டுக்காக இடையில் விட்ட முனைவர் பட்டத்தை 2007இல் முடித்தார். ஆகவே கணக்குச் சரியாகத்தான் இருக்கும். ஊரைவிட்டு வந்து 26 ஆண்டுக்குப் பிறகு முதல்முறை போனபோது, எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுமி என்னிடம் "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் என் பள்ளித் தோழனின் பேத்தி. அவனுடைய அதே பூனைக்கண்.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு வாக்கும் விழுந்திருந்தது. யாருடையது என்று இன்னும் தெரியவில்லை; தேநீருக்குப் பிறகு வந்து சொன்னால் மகிழ்ச்சி.

நவம்பர் கூட்டத்தின் தீர்மானம்: பதிவேட்டில் இரண்டு கணக்குகளும் எழுதப்படும், புள்ளியால் 'சம்படி டு லவ்', முதல் வாக்கால் 'பொகீமியன் ராப்சடி'. அடுத்த ஆண்டு, எண்ணும் முறையைச் சீட்டுக் கொடுக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

கணக்கு விவரம். சென்ற ஆண்டு மிச்சம் 118 பவுண். சந்தா 744. மண்டப வாடகை 396, சிற்றுண்டி 231.50, ஒலிபெருக்கி 60, தாளும் அச்சும் 18. கையிருப்பு 156.50 பவுண். சிற்றுண்டியைச் சமைத்துத் தருகிறவர்களுக்கும் வாங்கித் தருகிறவர்களுக்கும் ஒரே மாதிரிப் பணம் கொடுப்பது நியாயமா என்று ஒருவர் எழுத்தில் கேட்டிருக்கிறார். குயீன் குழுவுக்கும் இதே தகராறு இருந்தது. 'பொகீமியன் ராப்சடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் ரோஜர் டெய்லர் தான் எழுதிய, கார்க் காதலைப் பற்றிய பாட்டைப் போட்டுக்கொண்டார். விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் ஃபிரெடிக்குக் கிடைத்த அதே பங்கு அவருக்கும் கிடைத்தது. 1989இல்தான், எல்லாப் பாடல்களையும் நால்வர் பெயரிலும் போடுவோம் என்று தீர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கே பத்தாண்டுக்கு மேல் எடுத்ததை நாம் இன்றிரவு தீர்க்க வேண்டியதில்லை. செயற்குழு ஏப்ரலுக்குள் பதில் தரும்.

2026ஆம் ஆண்டுக்கான இசைக்குழுவுக்கு மூன்று பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. வாக்குச் சீட்டுகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. பென்சில்களைத் தயவுசெய்து திருப்பி வையுங்கள். சென்ற முறை பதினான்கு குறைந்தன.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்