ஒரே தடவை எடு

பாப்பா,

ஆடிட் பதிவு (யார் என்ன செய்தார்கள் என்று சிஸ்டம் எழுதிவைக்கும் குறிப்பு) எழுதும் உன் நிரலில் வந்த அந்த ரேஸ் கண்டிஷனுக்கு, அதாவது சரிபார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் தரவு மாறிவிடும் கோளாறுக்கு, ஒரு பூட்டு போட்டால் சரியாகிவிடும் என்று போனில் சொன்னாய். அவசரப்பட்டுப் போட்டுவிடாதே. பேச்சில் விளக்க வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விவரித்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2016-இல் பிடிபட்ட ஒரு குறையின் அதே வகை. சிவிஇ-2016-6136 என்ற பாதுகாப்புக் குறை எண்ணைத் தேடினால் கிடைக்கும். 4.7 பதிப்பு வரை இருந்தது. ஒரு நிரல் எக்ஸெக்வீ (நிரலை ஓட்டச் சொல்லிக் கெர்னலைக் கேட்கும் அழைப்பு) வழியாக ஓடத் தொடங்கும்போது என்ன கட்டளை, அதோடு கொடுத்த சொற்களான ஆர்க்யுமென்ட் என்னென்ன என்று கெர்னல் ஆடிட் பதிவில் எழுதும், அது உனக்குத் தெரியும். ஆர்க்யுமென்ட்கள் இருப்பதோ வெளியே உள்ள நிரல்கள் மாற்றக்கூடிய பயனர் நினைவகத்தில். கெர்னலின் பழைய நிரல் கோடு அவற்றை ஒரு தடவை எடுத்து, மேற்கோள்குறி, இடைவெளி, கட்டுப்பாட்டு எழுத்து என்று ஆகாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்களாக, எழுத வேண்டும், இல்லையென்றால் மேற்கோளுக்குள் அப்படியே எழுதலாம். (தமிழில் பெயர் வைத்த கோப்பைத் திறந்தால் ஆடிட் பதிவில் ஹெக்ஸாகத் தெரிவதும் இதனால்தான். ஆஸ்கிக்கு, அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கு, வெளியே உள்ள எந்த பைட்டும் அதற்கு ஆகாதது. ‘அம்மா’ என்பது யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட், ஹெக்ஸில் 30 எழுத்து. உன் அம்மாவிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.)

முடிவெடுத்த பிறகு, எழுதுவதற்காக அதே பயனர் நினைவகத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை எடுத்தது அந்தக் கோடு. குறை அங்கேதான். சார்பதிவாளர் பத்திரத்தைப் படித்துச் சரி என்று தலையாட்டிவிட்டு, பதிவேட்டில் ஏற்றும்போது மறுபடி விற்பவர் கையில் இருக்கும் தாளையே பார்த்து எழுதினால் எப்படி இருக்கும்? இடையில் தாள் மாறியிருக்கலாம். இங்கேயும் சரிபார்க்கும் நொடியில் சாதுவான ஒரு சொல் இருக்கும். எழுதும் நொடியில் அதற்குள் ஒரு மேற்கோள்குறி வந்துவிட்டால், மேற்கோளை முன்கூட்டியே மூடிவிட்டு, பின்னால் வருவதைக் கெர்னலே எழுதியது போலக் காட்டலாம். சர்வர் அறையில் வேலை பார்த்த காலத்தில் எனக்குத் தெரிந்தவரை, ‘யார் செய்தது’ என்று தகராறு வந்தால் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஆடிட் பதிவு. அதிலேயே கை வைக்க முடியும் என்றால் அப்புறம் எதைக் காட்டிப் பேசுவது?

இப்போது உன் பூட்டுக்கு வருகிறேன். கெர்னலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் ஒரே தரவில் மோதினால் பூட்டு உதவும். இங்கே தரவை மாற்றுகிறவன் வெளியே இருக்கிறான், அந்த நினைவகத்தைத் தொட அனுமதி உள்ள இன்னொரு நிரல். உன் ம்யூட்டெக்ஸை, அதாவது அந்தப் பூட்டை, அவன் எடுக்கவும் மாட்டான், அதற்காகக் காத்திருக்கவும் மாட்டான். வேகம்தான் குறையும், ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆடிட் பகுதியைப் பராமரிக்கும் பால் மூர் செய்த திருத்தம் எளிமையானது. ஆர்க்யுமென்ட்டைக் கெர்னலின் சொந்த பஃபருக்கு (தற்காலிக நினைவக இடத்துக்கு) ஒரு தடவை நகலெடு. சரிபார்ப்பதும் அந்த நகலை, எழுதுவதும் அந்த நகலை. நிரல் வெளியே எதை மாற்றினாலும் பதிவில் ஏறுவது சோதித்த பைட்கள்தான்.

அந்தத் திருத்தத்தோடு அவர் எழுதிய கமிட் குறிப்பை அவசியம் படி, அடிக்குறிப்புகளோடு. நன்றாகப் பார்த்தால் இது இரண்டு தடவை இல்லை, மூன்று தடவை எடுப்பது என்று அவரே சொல்லியிருப்பார். நீளத்தை அளப்பதற்காக ஃபங்ஷனின் தலையிலேயே பயனர் நினைவகத்தை ஒரு தடவை தொட்டாகிவிட்டதே! ‘ஒரே தடவை எடுக்கிறோம்’ என்பது ஒரு குட்டிப் பொய், அந்த நீள அளவீடு திருத்தத்துக்குப் பிறகும் இருக்கிறது என்றும் ஒத்துக்கொள்வார். முழு ஆர்க்யுமென்ட்டையும் மொத்தமாக நகலெடுத்தால் நினைவகம் வீண், அதனால் விட்டுவைத்தார். ஆனால் அந்த நீளத்தைப் பதிவில் குறிப்பதைத் தவிர வேறு எதற்கும் கெர்னல் நம்புவதில்லை, நம்பகமான அளவு கிடைக்கும்போது அதையும் திருத்திவிடுகிறது. எனக்கு அந்தத் திருத்தத்தைவிட இந்த நேர்மைதான் பிடித்தது. உன் கோடிலும் நீளம் எங்கிருந்து வருகிறது, அதை வைத்து யார் பஃபர் அளவைத் தீர்மானிக்கிறார்கள் என்று தேடிப் பார். அங்கே ஒன்று ஒளிந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

‘ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை’ என்று உன் சீனியர் சொன்னதாகச் சொன்னாய். ரேஸ் கண்டிஷனில் அந்தப் பேச்சே எடுபடாது. நமக்கு எப்போதோ ஒரு தடவை வருவது, தாக்குகிறவனுக்கு லூப் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டினால் வரும். இரண்டு எடுப்புக்கும் நடுவில் சோதனைக்காக மட்டும் ஒரு தாமதத்தைச் செருகு, முதல் ஓட்டத்திலேயே அவருக்குக் காட்டிவிடலாம். மூரும் தன் திருத்தத்தோடு ஒரு சோதனையை எழுதிச் சேர்த்திருந்தார், நீயும் சேர்.

உன் திருத்தத்தை பேட்சாக எழுதியதும் வெளியே அனுப்பும் முன் எனக்கு அனுப்பு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரிவரியாகப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் தனியாகக் கூப்பிடு. நாம் இரண்டு பேரும் கெர்னலையே பேசிவிட்டு வைத்துவிடுகிறோம் என்று அவளுக்கு வருத்தம்.

அன்புடன்,
அப்பா