ஆர்க்கிமிடீசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த 'கொலாட்ஸ் தேற்றம்' கட்டுரையால் எங்கள் வீட்டில் மூன்று நாளாகத் தகராறு. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பள்ளிக் கண்காட்சிக்கு அதையே எடுத்துக்கொண்டாள்.

அது தேற்றமே அல்ல. நிரூபித்தால்தான் தேற்றம், இது இன்றுவரை ஊகம். இரட்டைப்படை எண்ணானால் பாதியாக்க வேண்டும், ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். வரும் விடைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்தால், எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வந்து நிற்கும் என்பதுதான் ஊகம். கணினி கோடானுகோடி எண்களைச் சோதித்தும் அடங்காத எண் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் சோதனை நிரூபணமாகாது. 2019இல் புகழ்பெற்ற கணித அறிஞர் டெரன்ஸ் டாவோவே 'ஏறக்குறைய எல்லா எண்களும்' வெகுவாகக் கீழே இறங்கும் என்பதுவரைதான் காட்டினார். அந்த 'ஏறக்குறைய'வில்தான் எல்லாம் இருக்கிறது.

பேத்தி 27ஐ எடுத்தாள். 82, 41, 124, 62, 31 என்று காலண்டர் தாளின் பின்பக்கம் நிரம்பியது. 322இன் பாதியை 166 என்று எழுதிவிட்டதால் இருபது வரி வீண். திருத்தி எழுதினால், தொப்பூர் கணவாய்போல ஏறி இறங்கி, 77ஆம் படியில் 9232. "தாத்தா, இது இறங்கவே இறங்காது" என்றாள். 111ஆம் படியில் 1 வந்தது. முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்திய எனக்கும் கை தட்டத் தோன்றியது.

பெயர்களில்தான் பெரிய குளறுபடி. உலாம் ஊகம், ககுடானி சிக்கல், சிரக்யூஸ் சிக்கல் ஆகியவற்றை வேறு வேறு கணக்குகள் என்று கட்டுரை சொல்கிறது. எல்லாம் இதே கணக்குதான். கையாண்டவர், பரப்பிய இடம் என்று ஆளுக்கொரு பெயர். தகடூர் என்றாலும் தருமபுரி என்றாலும் ஊர் ஒன்றுதானே? போதாக்குறைக்கு, சிரக்யூஸ் ஆர்க்கிமிடீஸ் பிறந்த ஊராம்! அது சிசிலித் தீவில் இருக்கிறது. இந்தக் கணக்குக்குப் பெயர் கொடுத்தது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகம்.

பேத்தி அட்டையில் மூன்று கட்டம் போட்டு, ஆர்க்கிமிடீஸ் படத்தையும் ஒட்டிவிட்டாள். "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே, தாத்தா" என்கிறாள். கண்காட்சி வருகிற வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக்குள் ஒரு திருத்தம் வெளியிட்டால் படத்தைப் பிய்த்தெடுக்கச் சம்மதிப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.