சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

கடலூர்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு மாணவியின் அம்மா எழுந்து கேட்டார்: "டீச்சர், வாசல் பலகையில வருஷா வருஷம் முதல் மார்க் வாங்கினவங்க பேரு எழுதி வச்சிருக்கீங்க. அந்தப் பிள்ளைங்கள்லாம் இப்ப என்ன பண்றாங்க?" நாலைந்து பேரைப் பற்றித்தான் எனக்குச் சட்டென்று சொல்ல வந்தது. அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. 1999-இல் கணக்கு ஆசிரியையாக இந்தப் பள்ளிக்கு வந்தவள் நான். இடையில் விருத்தாசலம் பக்கம் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தலைமையாசிரியையாக இங்கேயே திரும்பி வந்திருக்கிறேன். எனக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அதனால் இந்தக் கோடை விடுமுறையில் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டு வரை தண்ணீர் ஏறி, நனைந்துபோன பதிவேடுகள் அவை. ஃபேன் காற்றில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். இப்போது புரட்டினால் தாள் மொடமொடவென்கிறது. மை பரவி நீலத் திட்டுகளாக நிற்கிறது. ஆனால் பெயர்களைப் படிக்க முடிகிறது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் மீன்பிடி, கூலி, மீன்பிடி, தறி, கூலி என்று வரிசையாக இருக்கிறது. கடைசிக் கட்டம் பள்ளியை விட்டு நீங்கிய காரணம். சிலருக்கு அதில் "படிப்பு முடிந்தது" என்று இருக்கிறது. நான் நினைத்திருந்ததைவிட அதிகம் பேருக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, "குடும்பச் சூழ்நிலை" என்று இருக்கிறது. அந்த இரண்டு சொற்களும் பல இடங்களில் என் கையெழுத்திலேயே இருந்தன.

கிடைத்த நம்பர்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரின் நம்பரைத் தந்தார். அப்படிக் கேட்டறிந்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் எதிர்பார்க்கும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியில் படித்த ஒரு பெண் இப்போது மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில், இரண்டாவது முறை நீட் எழுதி இடம் பிடித்தவர். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொறியாளர்கள் இருக்கிறார்கள், ராணுவத்தில் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய பெயர்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பலகையில் பெயர் ஏறாதவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் தன் அம்மாவை இழந்தாள். ஜனவரியில் பள்ளிக்கு வந்தபோது இடுப்பில் இரண்டு வயதுத் தம்பியோடு வந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெஞ்சுக்குக் கீழே துண்டை விரித்து அவனைத் தூங்க வைத்துவிட்டு, கால் விரலால் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே என் கணக்கு வகுப்பைக் கவனிப்பாள். அவள் பெயர் ஒரு வருடம்கூட முதல் மார்க் பட்டியலில் வந்ததில்லை. பிளஸ் டூ முடிந்ததும் பாட்டி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஃபைபர் போட்டின் இன்ஜினை அடகு வைத்து நர்சிங் டிப்ளமோவில் சேர்த்தார். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வில் தேறி, ஒப்பந்த நர்ஸாக மாதம் 7,700 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியைப் படிக்க வைத்தாள். கொரோனா காலத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே இருந்தாள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தரப் பணி. பெஞ்சுக்கடியில் தூங்கிய தம்பி சென்னையில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறார். போனில் பேசும்போது, "டீச்சர், அந்தப் பெஞ்சு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது.

இன்னொருவர் மின்வாரியத்தில் இருக்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவர். அந்த நாட்கள் உங்களில் பலருக்கு மறந்திருக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, தெருவெல்லாம் மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து வந்த லைன்மேன்கள் நம் தெருக்களில் கம்பம் நட்டு ஒயர் இழுத்ததை இந்தப் பையன் பள்ளிக்கு வராமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வராததற்கு நான் திட்டியது நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைவு. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தார். கேங்மேன் வேலைக்கு ஆள் எடுத்தபோது, கம்பம் ஏறும் தேர்வில் தேறி 2021-இல் பணியில் சேர்ந்தார். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது ஆற்றங்கரைக் கிராமங்களில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒயர் இழுத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு தெருவில் விளக்கு எரிந்ததும் பாட்டி ஒருவர் சொம்பில் காப்பி கொண்டுவந்து கொடுத்ததை, பெரிய விருது வாங்கியவர் மாதிரி என்னிடம் சொன்னார். எனக்கும் அது விருதாகத்தான் தெரிகிறது.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கடலுக்கே திரும்பியவரும் உண்டு. "படிச்சும் கடலுக்குத்தானே போறான்" என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விசைப்படகு டிரைவரான அவர், மீன் எங்கே கூடும் என்று ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் தரும் அறிவிப்பைத் தினமும் படிக்கிறார். ஜி.பி.எஸ். கருவியில் திசை குறிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். புயல் எச்சரிக்கை வந்தால் படகுப் படகாகப் போய்ச் சொல்பவரும் அவர்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னிய நேரம் போக, மாலையில் நம் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறார்.

எழுதக் கஷ்டமாக இருந்தாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2005-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் மாமா வந்து டி.சி. கேட்டார். கேரளாவுக்கு வேலைக்கு அனுப்புகிறோம் என்றார். நான் அப்போது வகுப்பாசிரியை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன். கணக்கு நன்றாக வரும் பையன். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, வேலை பார்க்கும் இடத்தில் சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் பத்தாம் வகுப்பு வேண்டும் என்றதால், தனித்தேர்வராக எழுதித் தேறியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா ஆன பிறகு, இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படித்திருக்கிறார். போனில் எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், அன்னிக்கு நீங்க ஏன் டி.சி. குடுத்தீங்க?" என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். இனி நடுவில் டி.சி. கேட்டு வரும் எவரும் எழுத்தரிடம் போகும் முன் என் அறைக்கு வாருங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் வாருங்கள். பணம்தான் தடை என்றால் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மாவுக்கு: உங்கள் மகள் எட்டாம் வகுப்புதானே, அவள் கட்டாயம் எழுத வேண்டும், நானே பயிற்சி தருகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியிலும் டிப்ளமோ, ஐ.டி.ஐ.யிலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீத ஒதுக்கீடு கைநழுவிப் போகும். இதைத் தெரியாமல் மாற்றிவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

"அஞ்சலையம்மாள் அஞ்சாவதுதானே படிச்சாங்க" என்று போன வருடம் ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். உண்மைதான். நம் முதுநகரில் 1890-இல் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்று, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, சட்டமன்றத்துக்கும் போனவர் அவர். ஆனால் தம் சின்ன மகள் அம்மாக்கண்ணுவை அவர் என்ன செய்தார்? காந்தியடிகளோடு வார்தா ஆசிரமத்துக்கு அனுப்பி அங்கே வளரவிட்டார். லீலாவதி என்று பெயர் மாற்றியவர் காந்தியடிகள். நான் இதைச் சொன்னதும் அந்த அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் மகள் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிறாள்.

முதல் மார்க் பலகைக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பலகை வைக்கப் போகிறோம். அதில் மார்க் இருக்காது. பெயர், பள்ளியை விட்ட ஆண்டு, இப்போது செய்யும் வேலை, அவ்வளவுதான். வேலை எதுவானாலும் எழுதுவோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நம் பள்ளியில் படித்தவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்களே இங்கே படித்தவராக இருந்தால் உங்கள் பெயரைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி வளாகத்தில் பழைய மாணவர்களும் பெற்றோரும் சந்திக்கிறோம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால், அப்பாக்கள் பலரும் கரையில் இருப்பார்கள் என்றே அந்த நாளைத் தேர்ந்தோம். நர்ஸ் டியூட்டி மாற்றிக்கொண்டு வருகிறார். மின்வாரியத் தம்பி, மழை காற்று எதுவும் இல்லாவிட்டால் வருவேன் என்றிருக்கிறார். 2005-இல் டி.சி. வாங்கிப் போனவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தன் இரண்டு பிள்ளைகளோடு. மூத்தவனை இந்த ஆண்டு நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்